மைக் மச்சான் பக்கம்

என் காரில் ரேடியோவின் மைக்கை மாட்டும் கொக்கி ஓட்டுகிறவர் பக்கம் இல்லை. இடது இருக்கையில் உட்காருகிறவரின் முழங்காலுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஹாம் ரேடியோ வைத்திருக்கும் நண்பர்கள் யார் காரில் ஏறினாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். "என்னா சார், மாத்தி மாட்டிட்டீங்களா? ஓட்டிகினே எட்டி எட்டிப் பேசுவீங்களா?" என்று கேட்பார்கள். மாற்றி மாட்டவில்லை. ஒரு தை மாதத்துத் திங்கட்கிழமை, மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரத்தில் மரநிழலில் வண்டியை நிறுத்தி, என் பக்கம் இருந்த கொக்கியை நானே கழற்றி அந்தப் பக்கம் முடுக்கினேன். திருப்புளி என் கையில், திருகாணிகள் மச்சான் உள்ளங்கையில். பொங்கல் முடிந்து அலுவலகங்கள் திறந்த முதல் நாள் அது. இருவரும் வேலைக்குத் தாமதமாகப் போனோம்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எங்கள் தெருவிலேயே குடியிருந்தார். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் பொருள் கிடங்கில் அவருக்கு வேலை. அதே ஊரில் ஒரு வங்கிக் கிளையில் எனக்கு வேலை. ஆகவே காலையில் கடலூரிலிருந்து சிதம்பரம், மாலையில் சிதம்பரத்திலிருந்து கடலூர் என்று பல ஆண்டுகள் ஒரே காரில் போய் வந்தோம். அந்தப் பயணங்களில் எங்களோடு மூன்றாவது ஆள்போல வந்ததுதான் ரேடியோ.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹாம் ரேடியோ என்பது பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் வாங்கி, நமக்கென்று ஓர் அழைப்புக்குறி பெற்று, நம்மைப் போலவே உரிமம் வைத்திருக்கும் மற்றவர்களோடு காற்றலை வழியாகப் பேசுகிற பொழுதுபோக்கு. வியாபாரம் பேசக்கூடாது, வம்பு பேசக்கூடாது. என்னிடம் இருப்பது காரில் பொருத்துகிற வகை. ஒரு சாப்பாட்டு டப்பா அளவு. இரண்டு அலைவரிசைப் பட்டைகளில் வேலை செய்யும். திரையின் இடது பாதியில் ஒன்று, வலது பாதியில் இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கலாம். ஒன்றில் பேசிக்கொண்டே மற்றதைக் கேட்கவும் முடியும். இரண்டு காதுள்ள கருவி என்று மனைவிக்கு விளக்கினேன். "உங்களுக்கும் ரெண்டு காது இருக்குது, நான் சொல்றது எதுலயாவது விழுதா?" என்று கேட்டாள்.

கூரை விளிம்பில் நீண்ட ஆன்டெனாவும் உள்ளே கட்டைக் குரலில் பேசும் பெட்டியுமாக வண்டி போனால் ஊர் அதைச் சும்மா விடாது. ஆலப்பாக்கத்தில் டீக்கடைக்காரர் ஒருவர் எங்களுக்கு மட்டும் தனியாக டம்ளரைக் கழுவிக் கொடுப்பார். அவர் மனத்தில் நாங்கள் எந்த இலாகா என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. போக்குவரத்துக் காவலர் ஒருவர் வண்டியை மறித்து, உள்ளே குனிந்து பார்த்து, சட்டென்று நிமிர்ந்து, "சார் எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டார். "பேங்க்" என்றேன். அவர் முகம் போன போக்கை நினைத்து மச்சான் புதுச்சத்திரம் தாண்டும்வரை சிரித்தார்.

சிரிப்பு அவருக்கு எளிதாக வரும். பேச்சுத்தான் வராது. சிறு வயதிலிருந்தே அவருக்குப் பேச்சு திக்கும். சொல்லின் முதல் எழுத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும். வாய் அந்த எழுத்தின் வடிவத்தில் திறந்தபடி இருக்கும், சத்தம் வெளியே வராது. சில சொற்கள் ஒரு கணத்தில் விடுபடும். சில சொற்கள் எதிரில் இருப்பவர் பொறுமை இழக்கும்வரை விடுபடாது. அவருக்கு மிகக் கடினமான சொல் அவருடைய பெயர். வேறு சொல் வராவிட்டால் அதற்குப் பதில் ஒன்றைத் தேடிக்கொள்ளலாம். பெயருக்கு மாற்றுப் பெயர் கிடையாதே.

ஆனால் திக்குவதைவிடப் பெரிய தொல்லை உதவி செய்கிறவர்கள்தான். அவர் வாய் திறந்து நின்றால் போதும், சுற்றியிருக்கிற எல்லோரும் அந்த வாக்கியத்தை முடித்துக் கொடுக்க ஓடிவருவோம். என் மனைவி அதில் கெட்டிக்காரி. அண்ணன் முதல் எழுத்தைத் தொடுவதற்குள் கடைசிச் சொல்லைச் சொல்லிவிடுவாள். பாதி நேரம் அது அவர் சொல்ல வந்ததாக இருக்காது. அவரும் மறுக்கமாட்டார். மறுப்பதற்கும் பேச வேண்டுமே! தலையை ஆட்டிவிடுவார். இப்படித் தலையாட்டித் தலையாட்டியே, தான் நினைக்காத கருத்துகளையும் தனக்குப் பிடிக்காத சட்டைகளையும் சுமந்துகொண்டு நாற்பது வயதைக் கடந்திருந்தார். சிதம்பரத்தில் நாங்கள் காலைச் சிற்றுண்டி சாப்பிடும் ஓட்டலில் அவர் "பொ" என்று தொடங்குவதற்குள் பரிமாறுகிறவர் பொங்கலைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். மச்சானுக்குப் பொங்கல் என்றால் உயிர் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

காலையில் நாங்கள் கிளம்பும் நேரமும் எங்கள் வட்டாரத்து ஹாம்கள் கூடிப் பேசும் நேரமும் ஒன்றாக அமைந்தது. இந்தக் கூடலுக்கு நெட் என்று பெயர். ஒருவர் கன்ட்ரோலாக இருந்து ஒவ்வொருவராக அழைப்பார். அழைக்கப்பட்டவர் மட்டும் பேசுவார். முடித்ததும் 'ஓவர்' சொல்லி விடுவார். பண்ருட்டியில் ஓர் எலும்பு டாக்டர், வீட்டு மாடியில் பெரிய கோபுரம் நட்டிருந்தார். எங்களில் மூத்தவர், சட்டம் பேசுகிறவர். பரங்கிப்பேட்டையில் படகுக்காரர்களுக்கு மின்கருவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த பாய், எங்களில் வாய்த்துடுக்கு ஜாஸ்தி உள்ளவர். இன்னும் திருவதிகை, நெல்லிக்குப்பம் என்று சில குரல்கள். செம்மங்குப்பம் வரும்போது ரசாயன ஆலைகளின் நாற்றத்துக்காகக் கண்ணாடியை ஏற்றிவிடுவோம். அதன்பிறகு காருக்குள் அந்தக் குரல்கள் மட்டும்தான். உரிமம் இல்லாத மச்சான் பேச முடியாது, கேட்க மட்டும் செய்தார். இரண்டு மழைக்காலம் முழுக்கக் கேட்டார்.

ஒரு கார்த்திகை மாதப் புதன்கிழமை, மாலையில் திரும்பும்போது, தனக்கும் உரிமம் வேண்டும் என்றார். நான் மறுநாளே நெட்டில் பெருமையாக அறிவித்தேன். அவர் திக்குவதை அறிந்த டாக்டர் மிகவும் மகிழ்ந்து, "நல்ல முடிவு. அவரை மோர்ஸ் தந்தி கத்துக்கச் சொல்லுங்க. கட்டையைத் தட்டினா போதும், பேசவே தேவையில்ல. அவருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்" என்றார். உண்மையான அன்போடு சொன்ன யோசனை அது. பாயும் ஆமோதித்தார், நானும் ஆமோதித்தேன், வீட்டில் என் மனைவியும் "அதுதாண்ணா உனக்கு நல்லது" என்றாள். மோர்ஸ் தேவைப்படாத ஒரு நிலை உரிமமும் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவருடைய இன்னொரு வாக்கியத்தை முடித்துவைத்துவிட்டோம்.

அவர் தலையாட்டவில்லை. அடுத்த நாள் காலை புதுச்சத்திரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தபோது அவர் பேசத் தொடங்கினார். ரயில் வந்தது, போனது, கேட் திறந்தது. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்து, திட்டி, சுற்றிக்கொண்டு போனார். நான் வண்டியை எடுக்கவில்லை. கடைசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குத் தட்ட வேணாம் மாப்ளே. எனக்குப் பேசணும். அதுல நான் அழுத்திப் புடிச்சிருக்கிற வரைக்கும் எவனும் குறுக்க வர முடியாது."

நான் பல ஆண்டுகள் அந்தக் கருவியை வைத்திருந்தவன். அதன் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தவன். மைக்கின் பொத்தானை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்கும்போது மற்றவர்கள் காதைத்தான் திறந்து வைத்திருக்க முடியும் என்பது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. அதில் இப்படி ஒரு சுகம் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இரண்டு மழைக்காலம் அவர் கேட்டுக்கொண்டிருந்தது குரல்களை அல்ல. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்ற எல்லோரும் வாய் மூடியிருக்கிற அந்த ஒழுங்கை.

அடுத்த ஆண்டு சென்னை போய்த் தேர்வு எழுதினார், தேறினார். உரிமம் வந்த அன்று இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து தன் அழைப்புக்குறியை என் மனைவியிடம் சொல்லிக் காட்டினார். ஆல்ஃபா, பிராவோ என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்லாக விரித்துச் சொல்கிற முறை எங்களுக்கு உண்டு. அந்த முறையில், தாளம் போடுவதுபோல, தடையில்லாமல் சொன்னார். தனக்குக் கிடைத்த புதுப்பெயரை அவர் அதுவரை ஒருமுறைகூடத் திக்கியதில்லை. வீட்டில் அது எளிதாக வந்தது. மைக் வேறு.

கொக்கியை இடம் மாற்றிய அந்தத் திங்கட்கிழமைதான் முதல் முயற்சி. மைதானத்தை விட்டுக் கிளம்பிச் சாலைக்கு வந்ததும் நெட்டில் டாக்டர், "புதுசா யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். மச்சான் மைக்கை எடுத்து அழுத்தினார். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. வாய் திறந்தது. சத்தம் இல்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நான் சாலையைப் பார்த்தேன், விளக்கைப் பார்த்தேன், சாலையைப் பார்த்தேன். பிறகு 'பீப்' என்று ஓர் ஒலி எழுந்து விளக்கு தானாக அணைந்தது. யாராவது தெரியாமல் மைக்கை அழுத்தியபடி விட்டுவிட்டால் அலைவரிசை முழுக்க அடைபட்டுப் போகும் என்பதற்காகக் கருவிக்குள் ஒரு காவல் கடிகாரம் உண்டு. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அழுத்தினால் அதுவே துண்டித்துவிடும். அதை ஆகக் குறைந்த அளவில் நான்தான் வைத்திருந்தேன்.

துண்டித்ததும் பாயின் குரல் பாய்ந்து வந்தது. "யாருப்பா அது மைக்கு மேல உக்காந்துகினு இருக்கிறது? சீட்டுக்கு அடியில கை விட்டுப் பாருங்கப்பா எல்லாரும்!"

"என்னுது இல்ல, என்னுது மேஜை மேல இருக்கு" என்றார் டாக்டர்.

"நானும் பாத்துட்டேன். கொக்கியிலதான் தொங்குது" என்றது நெல்லிக்குப்பம்.

"அப்ப திருவதிகைதான். சார், எந்திரிங்க சார், உங்க வெயிட்டுக்கு மைக்கு தாங்காது!" என்றார் பாய்.

எங்கள் பொழுதுபோக்கில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு இது. பேச்சில்லாமல் வெறும் அலை மட்டும் வந்தால், அது இருக்கைக்கு அடியில் சிக்கிய மைக் என்றுதான் ஹாம்கள் நினைப்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்து, பேச முயன்றுகொண்டிருக்கிறார் என்பது யாருக்கும் தோன்றாது. நான் மைக்கை வாங்கி விளக்கிவிடலாம் என்று இடது கையை நீட்டினேன். மச்சான் மைக்கைக் கதவுப் பக்கம் நகர்த்திக்கொண்டார். அவர் முகத்தில் அவமானம் இருக்கும் என்று எதிர்பார்த்துத் திரும்பிப் பார்த்தால், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்போடேயே மறுபடி அழுத்தினார். அழைப்புக்குறி முழுசாக வந்தது. பிறகு, "யாரும் உக்காரல. நான்தான்" என்றார்.

அப்புறம் பாய் சொன்னார்: "ஐயோ, மச்சானா! வாங்க மச்சான், வாங்க வாங்க. நான் பாட்டுக்கு அந்தத் திருவதிகை வாத்தியாரை எழுப்பி விட்டுட்டேன்." அன்றிலிருந்து வட்டாரம் முழுவதற்கும் அவர் மச்சான்தான். அன்று மாலையே காவல் கடிகாரத்தை ஆக அதிகமான அளவுக்கு மாற்றினேன்.

அடுத்தடுத்த மாதங்களில் அவர் பேச்சு சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அப்படியேதான் திக்கியது. மாறியது நாங்கள்தான். வெறும் அலை வந்தால் மச்சான் வருகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவசரப்படுத்தவும் முடியாது, எடுத்துக்கொடுக்கவும் முடியாது. கருவி அதற்கு இடம் தராது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பாய் அந்த நேரத்தில் டீ ஆற்றிக்கொள்வதாகச் சொல்வார். அப்படிக் காத்திருந்து கேட்டபோது, மச்சான் பெரிய வேடிக்கைப் பேச்சுக்காரர் என்பது தெரியவந்தது. சித்திரையில் ஒரு நாள், யார் யாருக்கு என்ன சிற்றுண்டி என்று நெட்டில் ஒரு சுற்றுப் போயிற்று. மச்சானின் முறை வந்தது. நாங்கள் அன்று ஓர் உறவினர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததால் மனைவி பின்னிருக்கையில் இருந்தாள். அவர் அழுத்திப் பிடித்து, தன் நேரத்தை எடுத்துக்கொண்டு, சொன்னார்: "சிதம்பரத்துல எனக்கு எப்பவும் பொங்கல்தான். ஆனா நான் இத்தினி வருஷமா கேட்டது பொடி தோசை."

பின்னிருக்கையில் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாய், "மச்சான், அந்த ஓட்டல்காரன் மேல கேஸ் போடுங்க, நான் சாட்சி சொல்றேன்" என்றார். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "ஏண்ணா, நான் வாங்கிக் குடுத்த அந்த ஊதாக் கலர் சட்டை?" அவர் இல்லை என்று தலையசைத்தார். "அதுவுமா!" என்று உட்கார்ந்துவிட்டாள்.

மறு ஆண்டு மாசியில் வந்தது சோதனை. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை சைக்கிள் பேரணி ஒன்றை ஒரு தன்னார்வச் சங்கம் நடத்தியது. வழிநெடுகத் தகவல் தொடர்புக்கு எங்களை அழைத்திருந்தார்கள். அதுவரை நாங்கள் காற்றில் கூடி அரட்டை அடித்தவர்கள்தான். பொதுமக்களுக்கு ஒரு பணி செய்வது அதுவே முதல் தடவை. நடுவே புதுச்சத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டைமாடியில் கன்ட்ரோல் இருக்க வேண்டும். யார் உட்காருவது என்ற பேச்சு நெட்டில் எழுந்தபோது, மச்சான் தான் உட்காருவதாகச் சொன்னார்.

டாக்டர் ஒளிவுமறைவு இல்லாதவர். "மச்சான், தப்பா நினைக்காதீங்க. காலையில நம்ம பேசிக்கிறது வேற. ஆளு ஒருத்தர் ரோட்ல விழுந்து கிடக்கும்போது கன்ட்ரோல் வாயத் திறந்தா உடனே வார்த்தை வரணும். வரலைன்னா?" என்றார். நியாயமான கேள்வி. மச்சான், "வரும். கொஞ்சம் லேட்டா வரும். ஆனா சரியா வரும்" என்றார். பாய் குறுக்கிட்டு, "டாக்டர், உங்க வார்த்தை சீக்கிரம் வருது, நீளமா வருது, முடியவே மாட்டேங்குது. அதுக்கு மச்சான் எவ்வளவோ தேவல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், டாக்டரும் சிரித்தார். முடிவு மச்சான் பக்கம் விழுந்தது. ஆனால் சிரிப்பினால் விழுந்த முடிவு என்று மச்சானுக்குத் தெரியும். அன்று ஏதாவது பிசகினால் இனி வாழ்நாள் முழுக்க அவரை அன்போடு ஓரத்தில் உட்கார வைத்துவிடுவார்கள் என்பதும் தெரியும்.

பேரணி ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் மாலையே காரிலிருந்து ரேடியோவைக் கழற்றி, மாடியில் இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினோம். வழியில் நின்றவர்கள் பெரும்பாலோரிடம் கைக்கருவிகள்தான். எங்கள் கருவியின் வலு அவற்றைவிட மிக அதிகம். திரையின் இடது பாதியில் வழியில் நின்றவர்கள் எல்லோரும். வலது பாதியில் ஆம்புலன்ஸ் மட்டும். அதில் டாக்டரே உட்கார்ந்திருந்தார்; அவர் கையில் இரண்டையும் கேட்கும் கருவி இருந்தது.

காலை முழுக்க நன்றாகவே போயிற்று. கடலூர் வெள்ளிக் கடற்கரையில் கிளம்பியது, செம்மங்குப்பம் தாண்டியது என்று தகவல்கள் வந்தன. மச்சான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், சிலவற்றைத் திக்கி, சிலவற்றைத் திக்காமல். பிறகு ஆலப்பாக்கத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் இடையில், சாலையின் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்த இடத்தில், வளைவில் வந்த ஒரு பெண் சறுக்கி விழுந்தார். எங்களுக்கு அது பிறகுதான் தெளிவாயிற்று. அப்போது எங்கள் காதில் விழுந்தது வேறு. ஆலப்பாக்கத்தில் நின்ற பாய் ஒன்று சொன்னார்; எதிர்ப்பக்கமிருந்து பார்த்த இன்னொருவர், புதுச்சத்திரத்துக்கு வடக்கே ஒருவர் விழுந்துவிட்டதாகச் சொன்னார்; கடைசி வண்டியில் வந்தவர் இரண்டு பேர் என்றார்; ஒருவர் முட்லூர் என்றார். அதற்குமேல் எதுவும் புரியவில்லை. ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் அழுத்தினால் வருவது பேச்சு இல்லை, தகரத்தைக் கீறுவதுபோன்ற கூச்சல். அன்று ஐந்தாறு பேர் அழுத்தினார்கள். யாருக்கும் யாரும் கேட்கவில்லை என்பதால் இன்னும் உரக்கக் கத்தினார்கள். வலது பக்கத்தில் டாக்டர், "கன்ட்ரோல், நான் முட்லூர்ல நிக்கிறேன், வடக்கால போறதா தெற்கால போறதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மச்சான் இடது பக்கத்துக்கு மைக்கை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை.

நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரின் கேள்வி அப்படியே கண்முன் வந்து நின்றது. என் கை மைக்கை நோக்கிப் போயிற்று. அவர் என்னைப் பார்க்காமலேயே இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே வைத்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கட்டைவிரல் பொத்தானை விடவில்லை. கூச்சல் நின்றதா, தொடர்கிறதா என்று எங்களுக்குத் தெரியாது. நாம் அழுத்தியிருக்கும்போது அந்தப் பக்கம் நமக்குக் கேட்காது. கீழே தெருவில் ஏதோ ஒரு வண்டியின் ஹாரன். அவ்வளவுதான் சத்தம்.

அப்போது திரையின் வலது பாதியிலிருந்து டாக்டரின் குரல் வந்தது. இம்முறை தாழ்ந்த குரல். "கன்ட்ரோல்... அது நீங்கதானா? எல்லாரும் நிறுத்திட்டாங்க. ஒரு சத்தம் இல்ல. சொல்லுங்க மச்சான், காத்திருக்கேன்."

என்ன நடந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த வகை ரேடியோவில் பலர் மோதினால் வலுவானது மற்றவற்றை மூழ்கடித்துவிடும். கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பொத்தானை விட்டபோது, அவர்கள் காதில் விழுந்தது கூச்சல் அல்ல. எல்லாவற்றையும் மூடிக்கொண்டு நின்ற ஒரு பெரிய அமைதி. அந்த அமைதியை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஓராண்டாகக் காலைதோறும் அதற்காகக் காத்திருந்து பழகியவர்கள். மச்சான் வருகிறார் என்று வாயை மூடிக்கொண்டார்கள். சரளமாகப் பேசுகிற யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால், கத்துகிறவர்களில் அவரும் ஒருவர் ஆகியிருப்பார்.

வார்த்தை விடுபட்டது. "ஆலப்பாக்கம் மட்டும் பேசுங்க. மத்தவங்க கேளுங்க."

பாய் தன் வாழ்நாளிலேயே முதல்முறையாகச் சுருக்கமாகப் பேசினார். "விழுந்தது ஒரே ஆளு. ஒரு லேடி. நெல்லு காயப்போட்ட வளைவு, எனக்குத் தெற்கால. தோள்ல அடி. நினைவு இருக்குது."

"டாக்டர், வடக்கால வாங்க. என்னைத் தாண்டி வந்தா வளைவு. பாய், பின்னாடி வர்ற எல்லாரையும் எறக்கி நடக்க விடுங்க." இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே இன்னொரு நீண்ட நிறுத்தம் வந்தது. யாரும் உள்ளே வரவில்லை. ஆம்புலன்ஸ் எங்கள் மண்டபத்து வாசலைக் கடந்து போவதை மாடியிலிருந்து பார்த்தோம். அந்தப் பெண்மணி பெண்ணாடத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியை. காறை எலும்பில் விரிசல். டாக்டர் கட்டுப் போட்டுவிட்டதாகவும், அவர் தன் சைக்கிளுக்கு என்ன ஆயிற்று என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பதாகவும் செய்தி வந்தது. பின்னால் வந்த ஒருவரும் அந்த நெல்லில் சறுக்கவில்லை.

அடுத்த நாள் நெட்டில் டாக்டர் முதலில் பேசினார். "அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டவன் நான்தான். வார்த்தை வரலைன்னா என்ன ஆகும்னு கேட்டேன். பதில் கிடைச்சிருச்சு. வரலைன்னா எல்லாரும் வாய மூடுவாங்க. ஓவர்." அதற்குப் பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. கன்ட்ரோலாக உட்கார்ந்த ஒவ்வொருவரும், அழுத்தியதும் உடனே பேசாமல், ஒரு மூச்சு விட்டுத் தொடங்க ஆரம்பித்தார்கள். அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு; அழுத்தின கையோடு பேசினால் முதல் எழுத்து மற்றவர்களுக்கு அறுந்துபோகும். டாக்டர் புதியவர்களுக்கு அந்தக் காரணத்தைத்தான் சொல்லிக்கொடுத்தார். உண்மைக் காரணத்தை நாங்கள் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது அது எங்கள் வட்டாரத்து நெட்டின் வழக்கம். வெளியூர் ஹாம்கள் வந்து கேட்டால், கடலூர்க்காரர்கள் நிதானமானவர்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

எனக்குச் சிதம்பரத்திலிருந்து மாற்றல் வந்துவிட்டது. தினசரிப் பயணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மச்சான் காலையில் வந்து இடது பக்கம் ஏறிக்கொள்வார், எங்காவது கிளம்புவோம். சென்ற ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, சிதம்பரம் போய்க்கொண்டிருந்தோம். அன்று நெட்டுக்கு மச்சான்தான் கன்ட்ரோல். மைக்கை எடுத்தார், அழுத்தினார்; என்ன நேரமோ, அன்று எந்த எழுத்தும் முட்டவில்லை. அழுத்தின கையோடு அழைப்புக்குறி, காலை வணக்கம், பங்கேற்பவர்கள் வரிசை என்று மளமளவென்று வந்துவிட்டது. எனக்கே வியப்பாக இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன், அவருக்கும்தான்.

வரிசையில் முதலில் நெய்வேலி. புதிதாக உரிமம் வாங்கியவர், ஓர் அரசு அலுவலகத்தில் மேலாளராக இருக்கும் அம்மையார், விதிகளை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுகிறவர். மச்சானைப் பற்றிய பழைய கதை எதுவும் தெரியாதவர். தன் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு, "கன்ட்ரோல், மன்னிக்கணும். நீங்க கேப் விடாம ஆரம்பிச்சிட்டீங்க. எங்களுக்கு அழுத்தினதும் காத்திருக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. கன்ட்ரோலே இப்படிப் பண்ணா புதுசா வர்றவங்க எப்படிக் கத்துக்குவாங்க? ஓவர்" என்றார்.

ஒரு கணம், பாயின் சிரிப்பு மட்டும் வந்து அறுந்தது. மச்சான் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்து, தொண்டையைச் செருமி, நிமிர்ந்து உட்கார்ந்து, அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் பேசவில்லை. கடலூர், பண்ருட்டி, பரங்கிப்பேட்டை, நெய்வேலி என்று அத்தனை பேரையும், அவசரமே இல்லாமல், காக்கவைத்தார்.